வெப்பப் பாயா, வெப்பத்தட்டியா? துறவி நண்டுத் தொட்டிக்கான ஒரு சொல்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

துறவி நண்டு (காலிச் சங்குக்குள் புகுந்து வாழும் நண்டு) வளர்ப்போருக்கான சிறு கையேட்டுக்குச் சொற்கள் வேண்டித் தொடங்கிய இந்த இழையில், கண்ணாடித் தொட்டியைக் கதகதப்பாக வைத்திருக்க உதவும், மின்கம்பி பொதிந்த மெல்லிய தாள் போன்ற கருவிக்கு ‘வெப்பப் பாய்’ என்ற பெயர் ஏறத்தாழ முடிவாகிவிட்டதைக் கண்டேன். ஆங்கில வழக்கிலுள்ள ‘ஹீட் மேட்’ என்பதற்கு நேராக அமைந்த சொல் என்ற அளவில் அதில் பிழையில்லை. ஆனால், குறைந்த செலவில் தொட்டி அமைக்க விரும்பும் புதியவர் ஒருவர் இச்சொல்லை மட்டும் நம்பிச் செயல்பட்டால் நண்டு இறந்துபோகவும் கூடும் என்பதால், மாற்றுச் சொல் ஒன்றை முன்வைக்க விரும்புகிறேன்.

பாய் என்றதும் தமிழ் படிப்பவர் மனத்தில் எழும் வினை ‘விரித்தல்’. எனவே அவர் கருவியை மேசைமேல் விரித்து, அதன்மேல் தொட்டியைத் தூக்கி வைப்பார். நிலத்தில் வாழும் துறவி நண்டுகளோ தோலுரிக்கும் காலத்தில் ஈர மணலுக்குள் தாமே குழி பறித்துப் புதைந்துகொள்பவை. பெரிய நண்டு வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில்கூட மேலே வருவதில்லை. பழைய புறச்சட்டகத்தைக் கழற்றிவிட்டு, மென்மையான உடலோடு, நகரவும் இயலாமல் கிடக்கும் அந்த உயிருக்கு நேர் கீழே சூடு ஏறிக்கொண்டிருந்தால் அது எங்கே ஒதுங்கும்? அடிமணல் உலர்ந்து உதிரியாகி, அது அமைத்துக்கொண்ட குழியும் சரிந்துவிடுகிறது. இத்தனைக்கும், குறைந்தது 15 செ.மீ. ஆழமாவது இருக்க வேண்டிய அந்த மணல், வெப்பத்தை எளிதில் மேலே விடுவதுமில்லை. கீழே கண்ணாடி கொதிக்க, மேலே நண்டுகள் நடமாடும் இடத்தில் காற்று குளிர்ந்தே இருக்கும்.

இக்கருவி இருக்க வேண்டிய இடம் தொட்டியின் பின்சுவர். கண்ணாடியின் வெளிப்புறத்தில், மணல் மட்டத்துக்கு மேலே, செங்குத்தாக ஒட்ட வேண்டும். அங்கிருந்து அது சூடாக்குவது காற்றை. நண்டுக்குத் தேவையும் அதுவே. ஆகவே இச்சொல்லில் ‘விரித்தல்’ தொனிக்கக் கூடாது. ‘நிறுத்துதல்’ தொனிக்க வேண்டும். அந்தப் பொருளுக்குத் தமிழில் ‘தட்டி’ என்ற சொல் உயிரோடு இருக்கிறது. தட்டியை யாரும் விரிப்பதில்லை. கட்டுகிறோம், சாத்துகிறோம், மறைப்பாக நிறுத்துகிறோம். அறிவிப்பு எழுதி வைக்கும் தட்டியும் நின்றுகொண்டுதான் இருக்கிறது. எனவே ‘வெப்பத்தட்டி’ என்று முன்மொழிகிறேன்.

‘சூட்டுப்படலம்’ என்று முன்மடலில் எழுதிய அன்பர் கருவியின் மெல்லிய தன்மையை அழகாகப் பிடித்திருக்கிறார். எனினும் படலம் என்பது ஒன்றின்மேல் தானாகப் படிந்ததைக் குறிப்பதால், கையில் எடுத்து ஒட்டக்கூடிய ஒரு கருவிக்கு அது பொருந்தவில்லை. ‘படல்’ என்பதும் நின்று மறைப்பதே, ஆனால் இன்றைய வாசகர் பலருக்கு அதை விளக்க இன்னொரு அடிக்குறிப்பு வேண்டியிருக்கும். ‘தட்டி’ என்பது ‘தட்டு’ என்னும் வினையின் எச்சமாகவும் ஒலிக்கிறதே என்ற ஐயம் எழலாம். ‘வெப்பத்தட்டி’ என்று வலிமிகுந்து ஒரே சொல்லாக எழுதும்போது அந்தக் குழப்பம் நேராது. நாற்றுத் தட்டுகளுக்கு அடியில் விரிக்கும் கருவிக்கு ‘வெப்பப் பாய்’ என்பதையே வைத்துக்கொள்ளலாம். அது உண்மையிலேயே விரிக்கப்படுவதுதானே!

ஒரு கலைச்சொல் நிலைக்குமா என்பதை அதை வாக்கியங்களில் இட்டுப் பார்த்தே அறிய முடியும். கையேட்டின் பத்தி ஒன்றை இச்சொல்லைக் கொண்டு எழுதிப் பார்த்தேன்:

“வெப்பத்தட்டியை ஒட்டுமுன் பின்சுவரின் வெளிப்புறத்தை ஈரமும் பிசுக்கும் இல்லாமல் துடைக்கவும். நடுவிலிருந்து ஓரங்களை நோக்கிக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனால் காற்றுக் குமிழ்கள் வெளியேறும். குமிழ் தங்கிய இடத்தில் சூடு கண்ணாடிக்குள் செல்லாமல் அங்கேயே தேங்கும். தட்டியின் மின்கம்பியைச் செருகியைவிடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்குமாறு விட்டால், கம்பி வழியே வழியும் நீர் செருகிக்குள் போகாமல் கீழே சொட்டிவிடும். பின்சுவர் முழுவதையும் தட்டியால் மூடாமல் ஒரு பக்கமாக ஒட்டினால், தொட்டியின் மறுபக்கம் சற்றுக் குளிர்ச்சியாக இருக்கும்; தனக்கு வேண்டிய இடத்தை நண்டே தேர்ந்துகொள்ளும்.”

படிக்கும்போது எங்கும் இடறவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

செலவைக் குறைப்பது பற்றிய பகுதிக்கு ‘வெப்பக்காப்பு’ என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் அதில் விவாதம் வேண்டியதில்லை; ஆனால் அதைக் கையேட்டில் கருவிகளுக்கு முன்பாகவே வைக்க வேண்டும். பெரிய தட்டி வாங்குவதற்கு முன், தொட்டியின் பின்புறத்தையும் பக்கங்களையும் தெர்மோகோல் தகட்டால் மூடி, வலை மூடிக்குப் பதிலாகக் கண்ணாடியோ தடித்த பிளாஸ்டிக் தாளோ இட்டாலே இழப்பு வெகுவாகக் குறையும். 16 வாட் தட்டி நாள் முழுவதும் ஓடினாலும் 0.4 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். சூடேற்றுவதற்கான 60 வாட் விளக்கு அதே நேரத்தில் 1.44 யூனிட் எடுப்பதோடு, தன் அடியிலுள்ள இடத்தை உலர்த்தியும் விடும். தட்டியின் மீதே காப்புத் தகட்டை வைப்பதென்றால், அவ்வாறு மூடலாமா என்பதை அதன் உறையிலுள்ள அறிவுரையில் பார்த்துவிட்டு, வெப்பநிலைக் கட்டுப்படுத்தி ஒன்றையும் கட்டாயம் இணைக்க வேண்டும். இந்தச் செலவில் மட்டும் சிக்கனம் கூடாது.

‘ஈரப்பதம்’ என்று பொதுவாக எழுதாமல் ‘ஒப்பு ஈரப்பதம்’ (காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை விழுக்காடு அதில் உள்ளது என்பது) என்றே எழுத வேண்டும் என வலியுறுத்திய அம்மையாரின் கருத்தை முழுமையாக ஏற்கிறேன். இந்நண்டுகள் ஈரமான செவுள்களால் காற்றிலிருந்து மூச்செடுப்பவை. 24 முதல் 29 பாகை செல்சியஸ் வெப்பநிலையும், 75 முதல் 85 விழுக்காடு ஒப்பு ஈரப்பதமும் அவற்றுக்கு உகந்தவை. 20 பாகையில் 80 விழுக்காடாக இருக்கும் காற்றை, நீராவி எதையும் சேர்க்காமல் 27 பாகைக்குச் சூடாக்கினால், அதன் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 53 விழுக்காடாகிவிடும். காற்றிலுள்ள நீரின் அளவு குறையவே இல்லை. அது தாங்கக்கூடிய அளவுதான் கூடியிருக்கிறது. ‘ஒப்பு’ என்ற அடைமொழி இல்லாவிட்டால், தட்டியை இயக்கியதும் அளவியின் எண் ஏன் இறங்குகிறது என்பதும், மூடி ஏன் இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதும் வாசகருக்கு விளங்காது.

தொட்டியின் இரு பக்கங்களுக்கும் இடையிலான வேறுபாட்டுக்கு ‘வெப்பநிலைச் சரிவு’ என்று நம் கலைச்சொல் பட்டியலில் உள்ளது. செய்தி வழக்கில் சரிவு என்றால் வீழ்ச்சி என்றே பொருள்படுவதால், தொட்டி குளிர்ந்துவிட்டதைச் சொல்வதாக எண்ணிவிடுவார்கள். குளிர்ந்த தொட்டியில் நண்டு மந்தமாகி, சங்குக்குள் ஒடுங்கி, பெரிய இடக்கொடுக்கால் வாயிலை அடைத்துக்கொண்டு கிடக்கும்; அந்த ஆபத்தான நிலையையும் நாம் விரும்பி அமைக்கும் வேறுபாட்டையும் ஒரே சொல் குறிக்கலாகாது. ‘வெப்பநிலைச் சாய்வு’ என்று மாற்றலாம்.

பட்டியலில் சேர்ப்பதற்கான பதிவு இது:

வெப்பத்தட்டி (பெயர்ச்சொல்): உயிரினத் தொட்டியின் பின்சுவரில் வெளிப்புறமாக, நிரப்பிய மணலின் மட்டத்துக்கு மேலே ஒட்டப்படும் மெல்லிய மின்சூடேற்றி.

‘மட்டத்துக்கு மேலே’ என்பதை வரையறைக்குள்ளேயே வைக்கலாமா, பயன்பாட்டுக் குறிப்புக்குத் தள்ளலாமா என்பதில் அன்பர்களின் கருத்தை எதிர்பார்க்கிறேன். உள்ளேயே இருக்கட்டும் என்பது என் எண்ணம்.