கோச்சடையானில் நாகேஷ் எப்போது நடித்தார்?

பெரம்பூர் லோகோ:
சமீபத்தில் பார்த்த படங்களைப் பற்றிச் சுருக்கமாக எழுதுகிறேன். கன்ஜூரிங் கடைசிப் பாகம்: 2013-இல் வந்த முதல் பாகத்தில் இருட்டுக்குள் கை தட்டும் சத்தத்துக்கே உயிர் போனது. இதில் குடும்பப் பாசம் அதிகம், பயம் குறைவு. டிமான்ட்டி காலனி 2: வீட்டில் மறுபடி பார்த்தேன். நாலு பேர் ஒரே அறைக்குள் மாட்டிக்கொள்ளும் முதல் பாகத்துக்குப் பக்கத்தில்கூட வராது. மகாவதார் நரசிம்மா: பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம். அனிமேஷனில் அதற்கு மேல் என்ன இருக்கும், பெரியவர்கள் பார்க்கிற சமாச்சாரமா அது? இன்னொன்று. அனிமேஷன் பட்டியல் போடுகிறேன் என்று யாரும் கோச்சடையானை அதில் சேர்க்க வேண்டாம். அது தலைவர் ரஜினி நடித்த படம்.

தண்டையார்பேட்டை தணிகை:
லோகோ அண்ணே, மகாவதார் நரசிம்மாவைப் பார்த்துவிட்டு இப்படி எழுத எப்படி மனசு வந்தது? பகலும் இல்லை, இரவும் இல்லை. வீட்டுக்கு உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. அந்த வாசற்படியில், மடியில் போட்டு, நகத்தால் கிழிக்கப்போகிறார் என்று தியேட்டரில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பாட்டி சொல்லிக் கேட்ட கதைதானே. ஆனாலும் தூண் பிளக்கும்போது என் பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர் கையைக் கூப்பிக்கொண்டு நடுங்கினார். எந்தப் பேய்ப் படம் அந்த நடுக்கத்தைக் கொடுத்தது?

அப்புறம் கோச்சடையான். அது அனிமேஷன்தான். நாகேஷ் 2009 ஜனவரியில் காலமானார். படம் வந்தது 2014 மே மாதம். படத்தில் நாகேஷ் வருகிறார், பேசுகிறார். நடித்த படம் என்கிறீர்களே, நாகேஷ் எப்போது வந்து நடித்தார்?

பெரம்பூர் லோகோ:
தம்பி, மோஷன் கேப்சர் என்று ஒன்று இருக்கிறது. உடம்பு முழுக்கக் குறிகள் ஒட்டின உடையைப் போட்டுக்கொண்டு நடிகர் நடிப்பார். சுற்றி நிற்கும் கேமராக்கள் அந்த அசைவைப் பிடிக்கும். தலைவர் நடை, தலைவர் கைவீச்சு, தலைவர் குரல். அதை எவனோ உட்கார்ந்து வரைந்தான் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். 2010-லேயே ஆஸ்கர் கொடுக்கும் அகாடமி விதி போட்டுவிட்டது: மோஷன் கேப்சர் மட்டும் இருந்தால் அது அனிமேஷன் ஆகாது. நீ அகாடமியை விடப் பெரிய ஆளா?

தண்டையார்பேட்டை தணிகை:
விதியைச் சொன்னீர்கள், சரி. அதே அகாடமி அதற்கு முன்னால் என்ன செய்தது என்பதையும் சொல்லுங்கள். 2006-இல் வந்த ஹேப்பி ஃபீட், பென்குவின் ஆடும் படம். ஆட்டத்துக்கு நிஜ ஆட்டக்காரரின் அசைவைத்தான் மோஷன் கேப்சரில் பிடித்தார்கள். சிறந்த அனிமேஷன் படம் என்று ஆஸ்கர் கொடுத்தார்கள். அந்த வருடப் போட்டியில் இருந்த மான்ஸ்டர் ஹவுசும் மோஷன் கேப்சர்தான். 2011-இல் அதே முறையில் ஸ்பீல்பெர்க் எடுத்த டின்டின்னுக்கு அனிமேஷன் பிரிவில் கோல்டன் குளோப் கிடைத்தது. இதெல்லாம் கிடக்கட்டும். நாகேஷ் எப்போது வந்து நடித்தார்? கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை.

வியாசர்பாடி விக்கி:
நீங்கள் இரண்டு பேரும் 2014-லேயே நின்றுவிட்டீர்கள். டீமன் ஸ்லேயர் இன்ஃபினிட்டி காசில் என்ற ஜப்பான் படத்தைப் பார்த்தீர்களா? இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது, தமிழிலேயே வந்தது. அரக்கனாக மாறின ஆகாசாவின் பழைய கதை ஓடும்போது என் கூட வந்த பசங்க ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. அதுவும் அனிமேஷன்தான், அதிலும் மனிதனைத் தின்கிற அரக்கன்தான். பேய்ப் படம் வேறு, அனிமேஷன் வேறு என்று பிரிப்பதே தப்பு அண்ணே.

பெரம்பூர் லோகோ:
விக்கி தம்பி, கத்திச் சண்டையை இரண்டரை மணி நேரம் இழுத்தால் அது பயமா? நடு நடுவே பழைய கதை வேறு. எனக்குத் தூக்கம் வந்தது.

வியாசர்பாடி விக்கி:
நடுவிலிருந்து பார்த்தால் தூக்கம்தான் வரும். அது தொடரோட தொடர்ச்சி. முதல் சீசனைப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

மிண்ட் வாசுகி:
பேய்ப் படம் பற்றி ஆண்கள்தான் பேச வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறதா? டிமான்ட்டி காலனி முதல் பாகம் 2015-இல் வந்தபோது பயந்தேன், உண்மை. ஆனால் அந்தக் காலனி இருப்பது ஆழ்வார்பேட்டையில். பேய் வந்தால்கூட அந்தப் பக்கம்தான் வருகிறது. நம் பக்கம் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தால் ரவுடி, கத்தி, குடிசை. மூடிக் கிடக்கிற மில் இருக்கிறது, பின்னி மில் இருந்த இடம் இருக்கிறது, துறைமுகத்துப் பழைய கிடங்குகள் இருக்கின்றன. எண்ணூர்ப் பக்கம் ராத்திரி ஒரு நடை போய் வாருங்கள், செட்டே போட வேண்டாம். ஒரு இயக்குநருக்காவது தோன்றியதா?

பெரம்பூர் லோகோ:
வாசுகி அக்கா, உங்கள் பக்கம் பேய்ப் படம் எடுத்தாலும் பார்க்க ஆள் வேண்டுமே. ராயபுரத்தில் உட்கார்ந்து பேய்ப் படம் பார்க்க முடிகிறதா? பேய் வரும்போது விசில் அடிக்கிறார்கள், சிரிக்கிறார்கள், ஒருவன் பேயின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். அதற்குப் பயந்துதான் நான் மால் பக்கம் போகிறேன்.

மிண்ட் வாசுகி:
பயத்தில்தான் சிரிக்கிறார்கள். பிடித்து வைத்த மூச்சு வெளியே வரும்போது சிரிப்பாக வருகிறது. ஒருத்தன் கத்தினால் பக்கத்தில் இருக்கிற நாலு பேருக்குத் தைரியம் வரும். எங்கள் ஜனங்கள் சேர்ந்துதான் பயப்படுவார்கள். மாலில் குளிர்சாதனத்தில் போர்த்திக்கொண்டு, பாதி நேரம் போனைப் பார்த்துக்கொண்டு உட்காருவதைப் படம் பார்ப்பது என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். பாப்கார்னுக்குக் கொடுக்கிற காசில் என் வீட்டில் இரண்டு வேளை மீன் குழம்பு வைப்பேன்.

தண்டையார்பேட்டை தணிகை:
அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு. ஆனால் லோகோ அண்ணன் பேச்சை மாற்றுகிறார், கவனியுங்கள். நாகேஷ் கேள்வியை விட்டு ராயபுரத்துக்கு ஓடிவிட்டார்.

பெரம்பூர் லோகோ:
ஓடவில்லை. நாகேஷ் மாதிரி நடிக்க வேறு ஒருவரை வைத்தார்கள், முகத்தைக் கணினியில் கொண்டு வந்தார்கள். அப்படியானால் அங்கேயும் ஒருவர் நடித்தார். நடிப்புதான். முடிந்ததா?

தண்டையார்பேட்டை தணிகை:
முடியவில்லை, இப்போதுதான் ஆரம்பம். வேறு ஒருவர் அசைந்தார். திரையில் தெரிந்தது நாகேஷ். அந்த முகம், அந்தக் கன்னம், அந்தக் கண் எல்லாம் எங்கிருந்து வந்தன? கணினி முன்னால் ராத்திரி பகலாக உட்கார்ந்த பிள்ளைகளின் கையிலிருந்து வந்தன. அவர்கள் பெயரை யாராவது சொல்கிறோமா? தலைவர் நடித்தார் என்று ஒரே வரியில் அவர்கள் உழைப்பை அழிக்கிறீர்கள். எனக்கு எரிச்சல் அதுதான். படத்தில் குறை உண்டு, கண்ணில் உயிர் இல்லை, துணி தகடு மாதிரி ஆடுகிறது, எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காலத்தில் இங்கே யாரும் தொடாத வேலையைத் தொட்டார்கள். அதை அனிமேஷன் என்று சொன்னால் தலைவருக்கு என்ன குறைந்துவிடும்?

இன்னொன்று கேளுங்கள். 1989-இல் ராஜா சின்ன ரோஜா. தலைவர் பிள்ளைகளோடு காட்டுக்குள் பாடிக்கொண்டு போவார், வரைந்த மிருகங்கள் கூட ஆடும். அந்த அனிமேஷனைச் செய்தவர் ராம் மோகன். 1992-இல் ஜப்பான்காரர்களோடு சேர்ந்து ராமாயணத்தை இயக்கியவர்களில் அவரும் ஒருவர். அந்த ராமாயணம் 2025 ஜனவரியில் தமிழிலும் தியேட்டருக்கு வந்தது. தலைவரே அந்த வரைந்த மிருகங்களோடு ஆடினவர். அவர் ரசிகர் அனிமேஷனைப் பார்த்து முகம் சுளிப்பது எனக்குப் புரியவே இல்லை.

ராயபுரம் சகாயம்:
நான் ராஜா சின்ன ரோஜாவைக் குடும்பத்தோடு பார்த்தவன். அந்தப் பாட்டுக்கு என் தங்கை எழுந்து நின்று ஆடினாள். அந்தக் காலத்துத் தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டரில் கூட்டம் எப்படி இருக்கும்! 1967-இல் திறந்தது, 2020-இல் மூடினார்கள். அந்தத் திரைக்கு முன்னால் இந்த மால் திரையெல்லாம்...

பெரம்பூர் லோகோ:
சகாயம் அண்ணா, அகஸ்தியா கதையை நீங்கள் எத்தனையாவது தடவை சொல்கிறீர்கள்? நாங்களும்தான் பெரம்பூரில் பிருந்தா தியேட்டரை இழந்தோம். 1985-இல் தலைவர் கையால் திறந்தது. அதற்காக ஊரைக் கூட்டி அழுகிறோமா?

ராயபுரம் சகாயம்:
அழுவதற்கு மனசு வேண்டும். பெரம்பூர்க்காரர்களுக்கு வட சென்னையின் வலி என்ன தெரியும்? பாலத்தைத் தாண்டினால் நீங்கள் வேறு ஊர்.

பெரம்பூர் லோகோ:
வேறு ஊரா? வட சென்னை நாடாளுமன்றத் தொகுதியில் பெரம்பூர் இருக்கிறதா இல்லையா? திருவொற்றியூர், ஆர்.கே. நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம். ஆறு தொகுதி. எண்ணிப் பாருங்கள். ரயில்வே பணிமனையில் கை கறுக்க வேலை செய்கிறவனைப் பார்த்து வட சென்னைக்காரன் இல்லை என்கிறீர்கள்.

வியாசர்பாடி விக்கி:
ஓட்டுப் போடுகிற கணக்கு வேறு, ஊர்க் கணக்கு வேறு. மழை நாலு நாள் பெய்தால் யார் வீட்டுக்குள் தண்ணீர் நிற்கிறது என்று பாருங்கள், வட சென்னை எது என்று தெரியும்.

பெரம்பூர் லோகோ:
பெரம்பூர் சுரங்கப்பாதையை மழையில் வந்து பார்த்துவிட்டுப் பேசு தம்பி.

மிண்ட் வாசுகி:
படத்தைப் பேச வந்து சாக்கடையைப் பேசுகிறீர்கள்.

தண்டையார்பேட்டை தணிகை:
லோகோ அண்ணே, தொகுதி எண்ணத் தெரிகிறது, ஒரு கேள்விக்குப் பதில் எழுதத் தெரியவில்லை. நாகேஷ் விஷயத்தில் முகம் யார் செய்தது? வரைந்தவர்களா, நடித்தவரா?

பெரம்பூர் லோகோ:
நீ நாகேஷைப் பிடித்துக்கொண்டு தொங்குவதற்குக் காரணம் எனக்குத் தெரியும். போன பொங்கலுக்கு எல்லோருக்கும் நான் டிக்கெட் போட்டேன். உன் பங்குக் காசு இன்னும் வரவில்லை. கேட்டதிலிருந்து என்னோடு உனக்கு முட்டல்.

தண்டையார்பேட்டை தணிகை:
அந்தக் காசை உங்கள் மைத்துனர் கையில் அன்றைக்கே கொடுத்தேன். வாசுகி அக்கா சாட்சி. பொது இடத்தில் இப்படி எழுதுவது உங்கள் வயசுக்கு அழகில்லை. காசுக்கும் கோச்சடையானுக்கும் என்ன சம்பந்தம்?

மிண்ட் வாசுகி:
கொடுத்ததைப் பார்த்தேன். ஆனால் கொடுத்தது பாதிக் காசு. என்னை இதில் இழுக்காதீர்கள்.

தண்டையார்பேட்டை தணிகை:
பாதி இல்லை அக்கா, இன்டர்வெல்லில் வாங்கிக் கொடுத்த சமோசாவைக் கழித்துக்கொண்டு கொடுத்தேன். அவரே சரி என்றார்.

பெரம்பூர் லோகோ:
நான் எப்போது சரி என்றேன்? சமோசாவை நான் கேட்கவே இல்லை.

வியாசர்பாடி விக்கி:
இந்த வாரம் அந்த மலையாளப் பேய்ப் படத்துக்கு யாராவது வருகிறீர்களா? டைஸ் இரே, பிரமயுகம் எடுத்தவர் படம். பிரமயுகத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தே மம்மூட்டியைப் பார்த்து நடுங்க வைத்தார்.

பெரம்பூர் லோகோ:
பார்த்தாயா, நடுங்க வைத்தது மம்மூட்டி. வரைந்த படம் இல்லை, நடித்த முகம். நான் சொல்வதும் அதுதான்.

தண்டையார்பேட்டை தணிகை:
மம்மூட்டி நடித்தார், யார் இல்லை என்றார்கள்? அவர் இருக்கிறார், வந்து நடித்தார். நாகேஷ் வந்தாரா?

பெரம்பூர் லோகோ:
எனக்கு ராத்திரி டியூட்டி. நாளைக்கு வந்து எழுதுகிறேன். அதற்குள் அகாடமி விதியை இன்னொரு தடவை படித்து வை. சமோசாவுக்கும் கணக்குப் போட்டு வை.

தண்டையார்பேட்டை தணிகை:
படித்துவிட்டேன். "மட்டும்" என்று போட்டிருக்கிறது. அசைவைப் பிடித்ததோடு கோச்சடையான் நிற்கவில்லை, அதற்கு மேல் முகமும் துணியும் குதிரையும் கோட்டையும் கையால் செய்தார்கள். டியூட்டி முடிந்து வாருங்கள், நானும் இங்கேதான் இருக்கிறேன். சமோசாவைப் பற்றி உங்கள் மைத்துனரிடம் கேளுங்கள்.