உறுமியையும் டிரான்ஸ் இசையையும் இணைக்க உதவி தேவை

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் ஈசூனில் இயங்கும் எங்கள் நடனக் குழு, டிரான்ஸ் எனப்படும் மின்னணு நடன இசையோடு உறுமி மேளத்தைச் சேர்த்து 20 நிமிட நிகழ்ச்சி ஒன்றைத் தயாரித்து வருகிறது. 1990களில் கோவாவின் அஞ்சுனா கடற்கரை விருந்துகளில் உருவெடுத்த கோவா டிரான்ஸ் வகையையே தேர்ந்தெடுத்திருக்கிறோம்.

சிக்கல் வேகத்தில்தான் இருக்கிறது. இவ்வகை இசை நிமிடத்துக்கு ஏறத்தாழ 140 முதல் 150 அடிகள் வரை, தொடங்கிய வேகம் மாறாமல் ஓடும். உறுமிக்காரரோ ஆடுபவரின் கால்களைப் பார்த்து வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் அந்த உறுமலும் டிரான்ஸ் இசையின் பேஸ் (தாழ்சுருதி) ஒலிக்குள் அமுங்கிவிடுகிறது. காதுக்கருவியில் தாளக்கணக்கைக் கேட்டபடி வாசிக்கச் சொன்னால் கலைஞர்களுக்கு உற்சாகம் வடிந்துவிடுகிறது (அவர்கள் பக்கம்தான் நியாயம் என்று எனக்குப் படுகிறது).

ஆகவே, மேளத்தின் போக்குக்கேற்ப மேடையிலேயே இசையின் வேகத்தை மாற்றவும், இரண்டு ஒலிகளும் மோதாமல் சமன்செய்யவும் தெரிந்த டிஜே அல்லது ஒலிப்பொறியாளர் எவரேனும் இருந்தால் தொடர்புகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஜியாக் கிம் தெருவில் இருந்த பழைய ஸூக் இரவு நடன விடுதியிலோ, செந்தோசாத் தீவின் சிலோசோ கடற்கரையில் நடந்த ஸூக்அவுட் நடன இசை விழாவிலோ ஆடிய அண்ணன்மாரும் அக்காமாரும், தாளம் நின்று மெட்டு மட்டும் உயரும் கட்டத்தில் கூட்டம் எப்படி அசையும் என்பதை எங்கள் இளையர்களுக்கு ஆடிக்காட்டினால் பேருதவியாக இருக்கும். ஒத்திகை சனிக்கிழமை மாலைகளில் நடைபெறுகிறது. போக்குவரத்துச் செலவையும் சிறு சன்மானத்தையும் நாங்கள் தருவோம்.