வளர வளர எலும்புகளின் எண்ணிக்கை குறைவது எவ்வாறு?

கேள்வி:
வளர்ந்த மனிதரின் உடலில் 206 எலும்புகள் என்றும், பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ 270 முதல் 300 வரை என்றும் படித்தேன். உயரமும் எடையும் கூடும்போது எலும்புகளின் எண்ணிக்கை மட்டும் ஏன் குறைகிறது? உடலைத் தாங்குவதுதான் எலும்புக்கூட்டின் வேலையெனில், அது இத்தனை துண்டுகளாக இருப்பது எதற்காக?

மறுமொழி 1:
எந்த எலும்பும் மறைவதில்லை. தனித்தனியாக இருந்தவை ஒன்றாகக் கூடிவிடுகின்றன. முதுகெலும்பின் அடியில் தனித்தனியாக இருக்கும் ஐந்து முள்ளெலும்புகள் இளமைப் பருவத்தில் இணைந்து திருவெலும்பு என்ற ஒரே எலும்பாகின்றன. தொடை எலும்பு போன்ற நீண்ட எலும்புகளில் தண்டுப் பகுதிக்கும் முனைக்கும் இடையே வளர்ச்சிக் குருத்தெலும்பு இருக்கும். உயரம் கூடுவது அதனால்தான். அது முழுவதும் எலும்பாக மாறியதும் தண்டும் முனையும் ஒன்றாகி, வளர்ச்சி நின்றுவிடும். குழந்தையின் உச்சிக்குழி மெல்ல மூடிக்கொள்வதும் இதைப் போன்றதே, ஆயினும் அங்கே மண்டையோட்டு எலும்புகள் முதலில் பொருந்தி நிற்கின்றனவே தவிர உடனே ஒன்றாகிவிடுவதில்லை.

மறுமொழி 2:
இரண்டாம் கேள்விக்கு உங்கள் கையையே பாருங்கள். ஒரு கையில் மணிக்கட்டு முதல் விரல்நுனி வரை 27 எலும்புகள், ஒரு பாதத்தில் 26. இரு கைகளிலும் இரு பாதங்களிலுமாக 106, அதாவது மொத்தத்தில் பாதிக்கும் மேல். நுட்பமான அசைவு எங்கே தேவையோ அங்கேதான் துண்டுகள் மிகுதி. மூளையைக் காக்க வேண்டிய மண்டையோட்டிலோ, கீழ்த்தாடையைத் தவிர மற்றவை அசையாமல் பிணைந்திருக்கின்றன. விலா எலும்புகள் இதயத்தையும் நுரையீரலையும் காக்கவும் வேண்டும், மூச்சுக்கு விரிந்து கொடுக்கவும் வேண்டும் என்பதால் அவற்றின் முன்பகுதி குருத்தெலும்பால் ஆனது.

தாங்குவது மட்டுமே எலும்பின் வேலை என்பதை நான் ஏற்கமாட்டேன். உடலிலுள்ள கால்சியத்தில் ஏறத்தாழ 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. இரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகளின் ஹார்மோன் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக் கொடுக்கிறது. இரத்த அணுக்கள் உருவாவதும் எலும்பின் உள்ளே இருக்கும் சிவந்த மென்திசுவான செம்மஜ்ஜையில்தான்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் பற்களும் எலும்புகள்தாமா?

மறுமொழி 2:
இல்லை, அவை 206-இல் சேரா. எலும்பில் உயிரணுக்கள் இருப்பதால் முறிந்தாலும் மீண்டும் கூடுகிறது. பல்லின் கடினமான மேற்பூச்சான பற்சிப்பியில் (எனாமல்) உயிரணுக்களே இல்லாததால் ஒருமுறை உடைந்த பகுதி மீண்டும் வளர்வதில்லை.