துக்க வீட்டில் என்ன பேசுவது? உங்கள் ஆலோசனை தேவை

அன்பான சகோதர சகோதரிகளுக்குக் கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துக்கள்.

எங்கள் சபையில், நோயுற்றோரையும் துக்கத்தில் இருப்போரையும் வீடு தேடிச் சென்று சந்திக்கும் குழுவில் நான் இருக்கிறேன். சென்ற மாதம், மகனை இழந்த ஒரு தாயிடம், ஆறுதலாக இருக்கும் என்று எண்ணி, "எல்லாம் கர்த்தருடைய சித்தம், அம்மா" என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த முகம் இன்னும் என் மனதை விட்டு அகலவில்லை.

வேதாகமத்தில், பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்ததையும் (யோபு 2:13), காரணங்களை விளக்கத் தொடங்கிய பின்னரே அவர்கள் அவருக்குப் பாரமாகிப்போனதையும் இப்போதுதான் கருத்தூன்றி வாசித்தேன். இறந்துபோன தம் நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று அறிந்திருந்த இயேசுவும் முதலில் கண்ணீர்தான் விட்டார்.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அந்தத் தாயை மறுபடியும் பார்க்கச் செல்கிறேன். வசனங்களை அடுக்காமல், "உங்கள் மகனைப் பற்றிச் சொல்லுங்கள், கேட்கிறேன்" என்று மட்டும் சொல்லலாமா? முதலில் மன்னிப்புக் கேட்பது நல்லதா, அல்லது அது காயத்தைக் கிளறுமா? உங்கள் துக்க நாட்களில் உங்களைத் தாங்கிய எளிய வார்த்தை எது என்பதையும், எதைக் கேட்க நேர்ந்தது வேதனையாக இருந்தது என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.