[சொல்லாக்கம்] ‘ரீஸ்பான்’ தமிழில் என்ன? திங்கள் காலைக்குள் வேண்டும்

ம. எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம்.

விளையாட்டு வடிவமைப்பு வகுப்புக்கு ஒரு தாள் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். 2019இல் வந்த ‘ஜெடை: ஃபாலன் ஆர்டர்’ ஆட்டத்தைப் பற்றி ஆடியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைத் திரட்டி, சுருக்கி, தமிழில் நாற்பது பத்தி. ஒரு பக்கம் விண்கலமும் எந்திரர்களும், இன்னொரு பக்கம் மந்திரம் மாதிரி ஓர் ஆற்றலும் வாளும் என்று இரண்டும் கலந்த ஆட்டம், மாணவர்களுக்குப் பிடிக்கும் என்று எடுத்தேன். முப்பத்தேழு பத்தி முடிந்துவிட்டது. மீதி மூன்றும் ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கின்றன: ரீஸ்பான், அதாவது ஆட்டத்தில் செத்தவர் திரும்ப வருவது.

ஒன்று, போகானோ கோளில் இருக்கும் ஓக்டோ போக்டோ என்ற தவளை மாதிரிப் பூதத்தைப் பற்றியது. காலடித் தரை இடிந்து நேராக அதன் வாயருகே போய் விழ வேண்டியதுதான், அதுவும் ஆட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே. அதனிடம் செத்துச் செத்து ரீஸ்பான் ஆனதைப் பற்றி ஒரு நீண்ட புலம்பல். இரண்டாவது, தியானப் புள்ளியில் ஓய்வெடுப்பது பற்றி. ஓய்வெடுத்தால் உடல்நிலை நிரம்பும், மருந்துக் குப்பிகள் நிரம்பும், ஆனால் அதுவரை வெட்டிச் சாய்த்த எதிரிகள் அத்தனை பேரும் ரீஸ்பான் ஆகிவிடுவார்கள். வரைபடம் புரியாமல் வந்த வழியே திரும்பி நடக்கிறவனுக்கு இது பெரிய கொடுமை என்கிறார்கள். மூன்றாவது, ரீஸ்பான் அருமையாகச் செய்திருக்கிறது, ரீஸ்பான்தான் சரியில்லை என்ற வகை. ஆட்டத்தைச் செய்த நிறுவனத்தின் பெயரே அதுதான்!

இப்போதைக்கு ‘மறுபிறவி’ என்று போட்டு வைத்திருக்கிறேன். படித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

– ம.


அ. எழுதியது:

தம்பி,

சிரிப்பு வந்தது நல்லதே. பிறவி மாறினால் உடம்பு மாறும், பெயர் மாறும், பழையது மறந்துபோகும். மறக்காவிட்டால் அது காப்பியமாகிவிடும். மணிமேகலைக்கு மணிபல்லவத்தில் பாதபீடிகையைத் தொழுத பிறகல்லவா பழம்பிறப்பு தெரிய வந்தது? உங்கள் ஆட்டக்காரனுக்குப் பீடிகை எதுவும் வேண்டாம். தவளை எந்தப் பக்கம் பாயும் என்று அவனுக்கு நினைவிருக்கிறது, அதனால்தான் ஐந்தாவது முறையோ பத்தாவது முறையோ பிழைக்கிறான்.

மூலத்துக்குப் போவோம். ஸ்பான் என்றால் மீனும் தவளையும் இடுகிற முட்டைத்திரள். தமிழில் இதற்கு நேர்ச்சொல்லே உண்டு: சினை. மீன் சினை என்று இன்றும் சொல்கிறோம். ஆகவே ‘மறுசினை’. அந்தத் தவளைக்கும் பொருத்தம்.

– அ.


க. எழுதியது:

ஐயா, மறுசினை என்றால் பசு திரும்பவும் சினையாகிவிட்டது என்றுதான் படிப்பார்கள். வீரன் மறுசினையானான் என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் உரக்கப் படிப்பான், அன்றைக்கு வகுப்பு அவ்வளவுதான்.

ஆனால் பீடிகை அருமை. தொழுததும் பழசெல்லாம் திரும்ப வருகிறது என்றால் அது அப்பட்டமான சேவ் பாயிண்ட், ஆட்டத்தைச் சேமித்து வைக்கிற இடம். ம., தியானப் புள்ளியைத் ‘தியானப் பீடிகை’ ஆக்கிவிடு.

சொல் பிறந்த இடத்தையும் பார்க்கவேண்டும். அது 1993இல் வந்த ‘டூம்’ ஆட்டத்திலிருந்து பரவிய சொல். அதன் ஆகக் கடுமையான நிலையில், சுட்டு வீழ்த்திய பூதம் சற்று நேரத்தில், முதலில் நின்ற இடத்திலேயே திரும்ப வந்து நிற்கும். அதாவது அங்கே திரும்பி வருகிறவன் எதிரி. மறுபிறவி, மறுவாழ்வு, உயிர்த்தெழல் எல்லாமே ஆட்டக்காரன் பக்கத்திலிருந்து யோசித்த சொற்கள்.

– க.


அ. எழுதியது:

> பசு திரும்பவும் சினையாகிவிட்டது என்றுதான்

பசுவை மட்டும் நினைப்பது உங்கள் குறை, சொல்லின் குறையன்று. சினை என்றால் கரு, முட்டை, கிளை, உறுப்பு. இலக்கணத்தில் முதல், சினை என்று பிரிக்கிறோமே, கை கால் எல்லாம் சினைப்பெயர். ‘கை இற்று வீழ்ந்தான்’ என்பதில் இற்றது சினை, வீழ்ந்தது முதல். ஆட்டத்தில் வீழ்வதும் அப்படியே. திரையில் இருப்பவன் சினை, கைப்பிடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் முதல். சினை மடிந்தால் முதல் ‘செத்தேன்’ என்கிறான். யாராவது ‘என் ஆள் செத்தான்’ என்கிறார்களா? ‘நான் செத்தேன்’ என்றுதானே புலம்புகிறார்கள். சினைவினை முதலொடு முடிந்தது, வழுவில்லை.

அது ஒருபுறம் இருக்கட்டும். ஸ்பானையே இன்னும் தோண்டினால் பழைய பிரெஞ்சு வழியாக லத்தீன் ‘எக்ஸ்பாண்டெரே’க்குப் போகிறது. பரப்புதல், விரித்தல் என்று பொருள். மீன் முட்டையைப் பரப்புவதால் வந்த பெயர். சினை வேண்டாம் என்றால் ‘மறுவிரி’ என்றும் சொல்லலாம்.

– அ.


செ. எழுதியது:

ஐயா, முதல்–சினை விளக்கத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன், ஆட்டக்காரர் ஏன் தன்மையிலேயே பேசுகிறார் என்பதற்கு இவ்வளவு நறுக்கென்ற விளக்கத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் ‘மறுவிரி’ என்றால் பாய் விரிக்கிற நினைப்புதான் வருகிறது.

‘உயிர்த்தெழுதல்’ என்று யாரோ சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், வேண்டாம். தமிழில் அது ஈஸ்டரோடு ஒட்டிவிட்ட சொல். அது ஒரே ஒருமுறை நடந்தது, ஒரே மாலையில் பதினொரு முறை அல்ல. அதோடு இந்த ஆட்டத்தில் எதிரிகளில் சிலர் எந்திரர்கள். உயிரே இல்லாதது எப்படி உயிர்த்தெழும்? சில ஆட்டங்களில் தோட்டாப் பெட்டிகூட ரீஸ்பான் ஆகிறது.

தோன்றியது மறைந்து மீண்டும் தோன்றுகிறது, அவ்வளவுதானே? ‘மீள்தோற்றம்’. வீரனுக்கும் பொருந்தும், எந்திரனுக்கும் பொருந்தும், பெட்டிக்கும் பொருந்தும்.

– செ.


அ. எழுதியது:

அம்மா, சொல் நன்று. ஆனால் நாள் + தோறும் = நாடோறும் என்பதுபோல மீள் + தோற்றம் = மீடோற்றம் என்று புணரவேண்டும்.

– அ.


செ. எழுதியது:

மீள்தோற்றம் வினைத்தொகை ஐயா. நாள் பெயர்ச்சொல். இரண்டையும் ஒரே விதியில் கட்டலாமா?

– செ.


(இதற்குமேல் அ., செ. இருவரும் எழுதிய ஆறு மடல்கள் வினைத்தொகைப் புணர்ச்சி பற்றியவை. தேவைப்படுவோர் தனி இழையில் பார்க்கலாம். – மட்டுறுத்துநர்)


த. எழுதியது:

நீங்கள் எல்லாம் நாடோறும் இப்படித்தான்.

நான் நேரடியாகக் கேட்கிறேன், ஆடுகிற பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள்? ரீஸ்பான். ‘ரீஸ்பான் ஆயிட்டான்’. அப்படியே எழுதினால் என்ன கெட்டுப்போகும்? தொல்காப்பியரே வடசொல்லுக்கு வழி விட்டவர்தான். பஸ்ஸைப் பேருந்து ஆக்கினோம், நிலைத்தது. காரை மகிழுந்து ஆக்கினோம், யார் வாயில் வருகிறது?

– த.


அ. எழுதியது:

வழி விட்டார், ‘வடவெழுத்து ஒரீஇ’ என்ற சுங்கச்சாவடியோடு. ரகரம் மொழிமுதல் ஆகாது, ஸகரத்துக்கு இடமே இல்லை. இரீசுபான் என்று எழுதச் சம்மதமா?

– அ.


த. எழுதியது:

இரீசுபான்! பாரசீக மன்னன் பெயர் மாதிரி இருக்கிறது. எனக்குச் சம்மதம்.

– த.


ம. எழுதியது:

ஐயா, அக்கா, அண்ணன்மாரே, இன்று ஞாயிறு. தாள் இன்னும் மறுபிறவியிலேயே நிற்கிறது. மீள்தோற்றம் போட்டுப் பார்த்தேன். புலம்பல் பத்தியில் ‘மீள்தோற்றம் பெற்றதும் மறுபடி அதே பள்ளத்துக்கு ஓடினேன்’ என்று வருகிறது. ஏதோ தெய்வம் காட்சி கொடுத்தது மாதிரி இருக்கிறது. ஆடியவர் எரிச்சலில் எழுதியதை நான் அருள்வாக்கு ஆக்கிவிட்டேன்.

– ம.


க. எழுதியது:

உன் மூன்று பத்தியையும் திரும்பப் படித்தேன். சிக்கல் சொல்லில் இல்லை, ஒரே சொல்லைத் தேடுவதில்தான் இருக்கிறது. முதல் பத்தியில் நடப்பது ஒன்று, இரண்டாவதில் நடப்பது வேறு. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே மூட்டையில் கிடக்கின்றன என்பதற்காக நாமும் மூட்டை கட்டவேண்டுமா?

செத்த வீரன் திரும்பி வந்தால் அது அவனேதான். போனவனே வருகிறான், ஆகவே ‘மீள்’. மீண்டான், மீண்டெழுந்தான். எதிரி அப்படி இல்லை. நான் வெட்டிய வீரன் செத்தவன் செத்தவன்தான், அதே மூலையில் அதே உடுப்பில் இன்னொருத்தன் நிற்கிறான். இதற்குத்தான் ‘மறு’. மறுநாள் என்பது நேற்றே திரும்பி வருவதில்லையே, இன்னொரு நாள். மறுகரை இன்னொரு கரை.

வினைக்கும் எங்கேயும் போகவேண்டாம். ‘எங்கிருந்துடா முளைச்சான்?’ என்று நாமே கேட்கிறோம். எதிரி முளைக்கிறான், திரும்ப முளைக்கிறான். ரத்தபீஜன் கதை நினைவிருக்கிறதா? சிந்திய ஒவ்வொரு துளியிலும் ஓர் அசுரன். பீஜம் என்றால் வித்து, வித்திலிருந்து வருவது முளை. ஐயாவின் சினைக்கும் இது தூரத்துச் சொந்தம்தான்.

ஆகவே வீரனுக்கு மீண்டெழல், எதிரிக்கு மறுமுளைப்பு. ‘ஓய்வெடுத்தால் எதிரிகள் திரும்ப முளைத்துவிடுகிறார்கள்.’ கலைச்சொல் மாதிரியே தெரியவில்லை பார், அதுதான் இதன் அழகு.

– க.


செ. எழுதியது:

முளைத்தல் பிடித்திருக்கிறது. தோட்டாப் பெட்டியும் முளைக்கலாம், தப்பில்லை. மீள்தோற்றத்தைத் திரும்பப் பெறுகிறேன், மீடோற்றத்தை ஐயா வைத்துக்கொள்ளட்டும்.

– செ.


ப. எழுதியது:

இந்த மீள்–மறுப் பிரிவு முதல் பார்வையில் பளிச்சென்று இருக்கிறது, ஆனால் இதே ஆட்டத்திலேயே உடைகிறது. உங்களைக் கொன்ற எதிரி உங்கள் அனுபவப் புள்ளிகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறான். நீங்கள் மீண்டு வந்து பார்த்தால் அவன் மேல் மட்டும் பொன்னிற ஒளி. ஓர் அடி கொடுத்தால் போனதெல்லாம் திரும்பக் கிடைக்கும். மற்றவர்கள் ‘இன்னொருத்தர்’ என்றால் சரி. இவன்? அவனேதானே? பழைய கணக்கை அல்லவா வைத்திருக்கிறான்?

இன்னொன்று, 2017இல் வந்த ‘நியர்: ஆட்டோமேட்டா’. அங்கே நாயகி எந்திரம். செத்தால் நினைவு மட்டும் புது உடம்புக்கு வரும், பழைய உடம்பு விழுந்த இடத்திலேயே கிடக்கும், நீங்களே போய் அதிலிருந்து சில்லுகளைக் கழற்றி எடுத்துக்கொள்ளலாம். தன் பிணத்தருகே தானே குனிந்து நிற்கிற அந்தக் காட்சி எனக்கு இன்னும் மறக்கவில்லை. உடம்பு மறு, நினைவு மீள். இதற்கு என்ன சொல்வீர்கள்? இங்கே அ. ஐயா தள்ளிய மறுபிறவிதான் கிட்டத்தட்ட சரி, பழம்பிறப்பு உணர்ந்த மறுபிறவி.

– ப.


க. எழுதியது:

ப., தங்க ஒளி ஆள் அவனே என்பதால் அவன் முளைக்கவில்லை, நின்றுகொண்டே இருக்கிறான். அந்த நியர் அம்மையாருக்கு வேண்டுமானால் ‘கூடுபாய்தல்’. கூடுவிட்டுக் கூடு பாய்கிற சித்தர் வித்தை நமக்குப் புதுசா? ஆனால் ம. கேட்டது மூன்று பத்தி. எல்லா ஆட்டத்துக்கும் சட்டம் எழுத இன்றைக்கு நேரமில்லை.

– க.


அ. எழுதியது:

கூடுபாய்தலை முழு மனத்தோடு ஏற்கிறேன். மறுமுளைப்பு பற்றி என் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்கிறேன். மறு என்றால் குற்றம், கறை என்றும் பொருள். மறுத்தல் என்றால் முடியாது என்பது. மறுமுளை: கறைபட்ட முளையா, முளைக்க மறுப்பதா? மேலும் முளைக்கும் மூளைக்கும் ஒரு சுழியே வேறுபாடு.

– அ.


த. எழுதியது:

இரீசுபானுக்கு அந்தத் தொல்லை இல்லை.

– த.


ம. எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மணி பதினொன்றாகிவிட்டது, முடித்துவிட்டேன். வீரனுக்கு ‘மீண்டெழல்’, எதிரிக்கு ‘மறுமுளைப்பு’, நிறுவனத்தின் பெயர் ரீஸ்பானாகவே இருக்கிறது. க. அண்ணன், செ. அக்கா ஆதரவு. ப. அரை மனது. அ. ஐயா எதிர்ப்பு. த. அண்ணனை எந்தப் பக்கம் எண்ணுவது என்று தெரியவில்லை. தியானப் பீடிகை சேர்த்தாகிவிட்டது.

இன்னும் ஒன்று: இந்த ஆட்டத்தில் பாடுபட்டுத் திறக்கிற பெட்டிகளில் பாதியில் வெறும் போன்சோதான் இருக்கிறது என்று ஆறு பேர் புலம்பியிருக்கிறார்கள். தலை வழியாகப் போட்டுக்கொள்கிற அந்தத் துணிக்குத் தமிழில் ஏதாவது?

– ம.


அ. எழுதியது:

இதைக் காலையில் பார்ப்போம். மெய்ப்பை என்று ஒரு பழஞ்சொல் உண்டு. கஞ்சுகம் என்பதும்...

– அ.


ம. எழுதியது:

தாள் கொடுத்து வகுப்பும் முடிந்தது. முதல் பத்தியில் ஒருவரும் தடுக்கவில்லை, மீண்டெழல் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. இரண்டாவது பத்தியில் என் கைப்பிழையோ தட்டச்சுப் பலகையின் வேலையோ, ‘மறுமூளைப்பு’ என்று அச்சாகிவிட்டது. எந்திரர்களுக்கு ஓய்வு நேரத்தில் புது மூளை பொருத்துகிறார்கள் என்று புரிந்துகொண்டு அதைப் பற்றி இருபது நிமிடம் விவாதித்தார்கள். நல்ல விவாதம்தான்.

– ம.


அ. எழுதியது:

சினையில் இந்தச் சுழிக்கு இடமே கிடையாது.

– அ.