அசையாமல் உட்கார்ந்த பெருமை எப்போது போகும்?

மூன்றாவது வரிசை (கேள்வி)

பத்து நாள் மௌனத் தியான முகாம் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. நான்காம் நாளிலிருந்து ஒரு மணி நேரம் கை, கால் அசைக்காமல், கண் திறக்காமல் உட்கார வேண்டும், அதிட்டானம் என்பார்கள். ஆறாம் நாள் எனக்கு அது கைகூடியது. வலது முழங்காலில் எரிந்துகொண்டிருந்த வலி தானாகக் கரைந்துபோனது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் காலை மாற்றிப் போட்டார். துணி உரசும் சத்தம். உடனே உள்ளே ஒரு குரல்: 'பாவம், இவரால் முடியவில்லை.' வலி போன இடத்தில் அது வந்து சம்மணம் போட்டுக்கொண்டது.

வீட்டுக்கு வந்த பிறகு மனைவி சொன்னாள்: "முன்னாடி கோபப்படுவீங்க, சண்டை போட்டா முடிஞ்சிடும். இப்ப என்னைப் பார்த்துப் பரிதாபப்படுறீங்க. அதுக்குக் கோபமே தேவலை."

சுருக்கென்றது. 'நான்' கரையட்டும் என்று போனவன் அதை வளர்த்துக்கொண்டு வந்திருக்கிறேன். பெருமையைக் கவனித்தால், கவனித்துவிட்டேனே என்று அடுத்த பெருமை. இது எங்கேதான் முடியும்?

பழைய பாய்

நான் பதினொரு முகாம் முடித்தவன். எண்ணிக்கையைச் சொல்லாமல் பதில் எழுத முடிகிறதா என்று பார்த்தேன். முடியவில்லை.

ஏட்டுச்சுரைக்காய்

உங்கள் மனைவி சொன்னது நூலோடு பொருந்துகிறது. பாலி மொழியில் உள்ள பௌத்த நூல்களில் மனத்தைக் கட்டும் தளைகள் பத்து. முதலாவது சக்காயதிட்டி: உடலையோ மனத்தையோ 'இதுதான் நான்' என்று பிடித்திருக்கும் பார்வை. அது சோதாபன்னம் என்ற விடுதலையின் முதல் படியிலேயே அறுந்துவிடும். கோபமும் வெறுப்பும் ஐந்தாவது. மானம் எட்டாவது. (நம் 'மானம் மரியாதை' மானம் இல்லை, பாலியில் செருக்கு.) அது அரகந்த நிலையில், அதாவது முழு விடுதலை பெற்ற கடைசிப் படியில்தான் போகும். ஆக, கோபம் அறவே ஒழிந்தவருக்கும் செருக்கு மிச்சம் இருக்கும். மூன்று வாரத்தில் போகவில்லையே என்று கவலைப்படுகிறீர்கள்!

இன்னொன்று. 'நான் உயர்ந்தவன்' மட்டும் மானம் இல்லை. 'நான் சமம்', 'நான் தாழ்ந்தவன்' இரண்டும் அதே கணக்குத்தான். உங்கள் கேள்வியில் உங்களையே திட்டிக்கொள்கிறீர்களே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உவர்மண்

சங்யுத்த நிகாயம் என்ற பௌத்த உரைத் தொகுப்பில் கேமக சூத்திரம் படித்திருக்கிறீர்களா? உங்கள் கேள்வியேதான் அது. கேமகர் என்ற துறவி நோயாகப் படுத்திருக்கிறார். கோசாம்பியில் இருந்த மூத்த துறவிகள் தாசகர் என்பவரை அனுப்பி விசாரிக்கிறார்கள். உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்று ஓர் ஆளை ஆக்கும் ஐந்து கூறுகளில் (கந்தங்கள்) எதையாவது 'நான்' என்று காண்கிறீரா? இல்லை என்கிறார். அப்படியானால் நீர் அரகந்தரா? அதுவும் இல்லை, எதையும் 'இது நான்' என்று காணவில்லை, ஆனால் 'நான் இருக்கிறேன்' என்ற எண்ணம் இன்னும் விடவில்லை என்கிறார். மேலும் கேள்வி வரவே, இந்த அலைச்சல் போதும் என்று தடியை எடுத்து வரச் சொல்லி, நோயோடு தாமே நடந்து போகிறார்.

போய் இரண்டு உவமை சொல்கிறார். தாமரையின் மணம் இதழுடையதா, தண்டுடையதா? பூவினுடையது என்றுதான் சொல்ல முடியும். அடுத்தது வெளுப்புத் துணி. உவர்மண்ணோ சாணமோ போட்டுக் கசக்கி, நல்ல தண்ணீரில் அலசினாலும் அந்த வாடை துணியில் நிற்கும். வாசனைப் பெட்டியில் வைத்த பிறகே போகும்.

அழுக்கு வாடை இல்லை பாருங்கள், வெளுத்த மண்ணின் வாடை. உங்களுடையதும் அதுதான் என்று நினைக்கிறேன். கேமகர் அதை வெட்கத்தோடு சொல்லவில்லை. கந்தங்கள் எழுவதையும் மறைவதையும் பார்த்துக்கொண்டிருந்தால் மிச்சமும் போகும் என்கிறார், அவ்வளவுதான்.

மூன்றாவது வரிசை

நேற்று இரவே அந்தச் சூத்திரத்தைத் தேடிப் படித்தேன். உவமைகள் அருமை. ஆனால் எனக்கு மனதில் நின்றது தாசகர். ஒரே சேதிக்காக நான்கு தடவை போய் வந்திருக்கிறார்! கடைசியில் அந்த மூத்த துறவிகள் அறுபது பேரும் கேமகரும் விடுதலை அடைந்தார்கள் என்று வருகிறது. அந்தக் கணக்கில் தாசகர் உண்டா?

உவர்மண்

சூத்திரம் அவரைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை.

பழைய பாய்

பதினொரு முகாமில் தாசகர் என்ற பெயர் என் காதில் விழுந்ததே இல்லை.