வாடகை வீட்டில் ஓதம் காத்த சுவர்: எங்கள் அனுபவம்

படுக்கையறைச் சுவரில் பெயிண்ட் கொப்பளித்து உதிர ஆரம்பித்ததும் வீட்டுக்காரரிடம் சொன்னோம். "ஜன்னலைச் சாத்தியே வைக்கிறீங்க, துணியை உள்ளேயே காயப்போடுறீங்க, அதான்" என்றார். பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தும் கொடுத்தார். சில வாரங்களில் அதே இடத்தில் மறுபடி கொப்பளம், கூடவே உப்பும் பூத்தது.

ஈரம் வரும் வழி தெரியாமல் பெயிண்ட் அடிப்பது வீண் செலவு. தெரிந்த கொத்தனார் ஒருவர் சோதிக்க ஒரு வழி சொன்னார். சுவரைத் துடைத்துவிட்டு, அலுமினியத் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி 48 மணி நேரம் விடவேண்டும். அறைப்பக்கம் நனைந்தால், காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. சுவரை ஒட்டிய பக்கம் நனைந்தால், ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. எங்களுக்குச் சுவர்ப்பக்கம்தான் நனைந்திருந்தது. அப்புறம் எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பார்த்தால், அது ஓடிக்கொண்டே இருந்தது! அந்தச் சுவருக்கு மறுபக்கம் குளியலறை.

தேதியோடு படங்கள், மீட்டர் ஓடும் வீடியோ எல்லாவற்றையும் சேர்த்து எழுத்தில் அனுப்பினோம். வாயால் சொன்னபோது நகராத வேலை உடனே நகர்ந்தது. பிளம்பர் டைல்ஸை உடைத்துப் பார்த்தார், உள்ளே குழாய் இணைப்பில் கசிவு.

சரிசெய்த கையோடு பெயிண்ட் அடிக்க ஆள் வந்தார். நாங்கள் விடவில்லை. ஊறிப்போன சுவர் காய வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில்கூட ஆகும். உப்பேறிய காரையைக் கொத்தி எடுத்து, நன்றாகக் காயவிட்ட பிறகுதான் புதுப் பூச்சு. இதில் மட்டும் அவசரத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்.

---

இன்னொரு வாடகைக் குடும்பத்தின் அனுபவம்: எங்கள் வீட்டில் அதே அலுமினியத் தாள் சோதனையில் அறைப்பக்கம் நனைந்தது. பீரோவுக்குப் பின்னால் கரும்பூசணம், மகளுக்கு இருமல் விடவே இல்லை. பீரோவைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தோம். ஈரப்பத மீட்டர் வாங்கி, அறைக் காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம். பூசணத்தைக் காய்ந்த துணியால் தட்டாதீர்கள், வித்துகள் காற்றில் பறக்கும். முகக்கவசம் போட்டு, சோப்புத் தண்ணீரில் துடையுங்கள். பிளீச் பயன்படுத்தினால் அம்மோனியா உள்ள எதையும் அதோடு கலக்கவே கூடாது, நச்சுவாயு வரும்.

குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லாததுதான் பெரிய காரணம். தாளையும் ஈரப்பத மீட்டரையும் காட்டிக் கேட்டதும் வீட்டுக்காரரே போட்டுத் தந்தார்.